கட்டின வயிறும் தைத்த வயிறும்

போன வாரம் ஆஸ்பத்திரிக்கு ஒரு வேலையாகப் போனேன். வெளியே பெஞ்சில் லெட்சுமி அழுதுகொண்டிருந்தாள். எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவள். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறாள். மகள் புஷ்பா வார்டில் இருக்கிறாளாம். தாய் ஏன் வெளியே?

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உள்ள போவேன் அக்கா? நான்தானே கட்டுனேன்..."

விஷயம் இதுதான். புஷ்பாவுக்குத் தலைப்பிரசவம். பிரஷர் ஏறியதால் சிசேரியன். பெண் குழந்தை. நல்லபடியாகத்தான் லயத்து வீட்டுக்கு வந்தார்கள். வந்ததும் லெட்சுமி, தன் தாய் தனக்குச் செய்ததையெல்லாம் செய்தாள் — வயிற்றில் வெந்நீரை அடித்து ஊற்றி, பழைய சேலையால் இறுக்கிக் கட்டினாள். கட்டாவிட்டால் இடுப்பில் பலம் இருக்காது, மலையேறிக் கொழுந்தெடுக்க முடியாது என்பது நம்மவர்களின் நம்பிக்கை. "வலிக்குதும்மா" என்றாளாம் மகள். "வலிச்சாத்தான் வயிறு ஒட்டும்" என்று இன்னொரு சுற்று. தையல் பழுத்து, காய்ச்சல் வந்து... மறுபடியும் வார்டு.

முன்பெல்லாம் தோட்டத்தில் ஒருத்திக்கு ஆபரேஷன் என்றால் தோட்டத்தின் பக்கத்து டிவிஷன் வரைக்கும் பேச்சாக இருக்கும். இப்போது எந்த அரசாங்க ஆஸ்பத்திரி வார்டிலும் நடந்து பாருங்கள். எத்தனை பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார்கள்! பிரஷர், சீனி வியாதி, பிள்ளை திரும்பவில்லை, முதல் பிள்ளையும் ஆபரேஷன்தான் — ஆளுக்கொரு காரணம். அவசரப்பட்டு வெட்டுகிறார்கள் என்று சிலர் திட்டுகிறார்கள். எனக்குத் தெரியாது, நான் டாக்டர் இல்லை. ஆனால் புஷ்பாவை வெட்டாமல் விட்டிருந்தால் இந்தக் கதையை இப்படிச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

தையலைச் சொறியாதே, பாரம் தூக்காதே என்றெல்லாம் ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். கட்டாதே என்று யாரும் சொல்லவில்லை. நாம் கட்டுவோம் என்று அவர்களுக்குத் தெரிந்தால்தானே சொல்வார்கள்? பிரசவம் மாறிவிட்டது. வீட்டுப் பக்குவம் மட்டும் அப்படியே இருக்கிறது. இதில் லெட்சுமியை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது? எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். வார்டு வாசலோடு நின்றுவிட்டாள். உள்ளே புஷ்பாவின் மாமியார், பூண்டுலோயாவிலிருந்து வந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் விட்டுவிட்டது, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார் நர்ஸ். எந்த வீட்டுக்கு?

"நம்ம வீட்டுக்குத்தான்" என்றார் மாமியார். "இனி அங்க அனுப்ப முடியாதுங்க. புள்ளைய கொல்லப் பாத்துட்டாங்க."

வாசலில் நின்றவள் தலையைத் தூக்கவே இல்லை. மகளைப் பறிகொடுத்தவள் மாதிரி நின்றாள்.

மாமியார் விடவில்லை. "கட்டத் தெரியாம கட்டுனா இப்படித்தான். அதுக்கு ஒரு முறை இருக்கு. நான் கட்டிவிடுறேன் பாருங்க... நூல் சேலைகூட தொவைச்சு வச்சிருக்கேன்!"

நர்ஸ் திகைத்துப் போனார். நானும்தான். புஷ்பா மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள்.

"மாமி, எங்கம்மாவுக்கு இனிமே கட்டக்கூடாதுன்னு நல்லாத் தெரியும். பூண்டுலோயாவுல இன்னும் யாருக்கும் தெரியாதே... நான் அம்மாகிட்டயே இருந்துக்கிறேன்."

நர்ஸ் சிரித்தேவிட்டார். லெட்சுமி சிரிக்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே வந்து, பேத்தியைக் கையில் வாங்கிக்கொண்டாள்.