என் படிவத்தில் சிக்காத பிள்ளை

படிவங்கள் மேல் எனக்குக் கோபம் வந்த கதை இது. அந்தப் படிவங்களைக் கட்டுக்கட்டாகச் சுமந்து திரிந்தவளும் நானேதான்.

இரண்டாயிரங்களின் நடுவில், பிள்ளைகளின் கவனக்குறைபாடு, அளவுமீறிய துறுதுறுப்பு பற்றிய ஆராய்ச்சிக்காகத் திருப்பூர்ப் பள்ளிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். எங்கே போனாலும் பையன்களையே கொண்டுவந்து நிறுத்துவார்கள். பெஞ்சில் ஏறுபவன், பக்கத்துப் பிள்ளையைக் குத்துபவன். பெண் பிள்ளைகள் யாரும் இல்லையா என்றால் சிரிப்பார்கள். பையன்களை மட்டும் எடுத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்றார் என் வழிகாட்டிப் பேராசிரியர். என் வேலை முடிய அவருக்கு என்ன அவசரமோ!

நல்லூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளி. ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் நாலு நாள் உட்கார்ந்து கவனித்தபோதுதான் அவளைப் பார்த்தேன். மூன்றாம் பெஞ்சு, ஓரம். அசைய மாட்டாள், பேச மாட்டாள். வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போய்ப் பத்து நிமிடம் ஆனாலும் அவள் புத்தகம் பழைய பக்கத்திலேயே கிடக்கும். டிக்டேஷன் நோட்டில் முதல் இரண்டு வரி முத்து முத்தாக இருக்கும், அடுத்தது ஆறாவது வரி. நடுவில் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"கேட்டுக்கிட்டுதான் இருந்தேன் டீச்சர். நடுவுல எங்கயோ போயிட்டேன்."

அந்த வயதில் நானும் அப்படித்தான் போய்ப் போய் வந்தேன். வந்தபோதெல்லாம் அடி வாங்கினேன்.

ஏப்ரலில் அவளுக்கு டி.சி. கொடுக்க முடிவு செய்தார்கள். பத்தாம் வகுப்பில் எல்லோரும் பாஸ் என்று காட்ட வேண்டுமாம். அதற்காகத் தேறாது என்று தோன்றும் பிள்ளைகளை ஒன்பதிலேயே கழற்றிவிடுவது அங்கே வழக்கம். வெளியே வந்தால் அவள் நேராகப் பனியன் கம்பெனிக்குப் போய்த் துணி மடிக்க வேண்டியதுதான். அருள்புரத்தில் அவள் அம்மா வேலை பார்க்கும் கம்பெனியில் சொல்லியும் வைத்தாயிற்று.

தலைமையாசிரியையிடம் போய்ச் சண்டை பிடித்தேன். டி.சி. வாங்க அரை நாள் லீவு போட்டு வந்திருந்த அவள் அம்மா கதவோரம் நின்றார். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். தலைமையாசிரியை கோபப்படவேயில்லை. டிராயரைத் திறந்து, பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்கள் நிரப்ப நான் கொடுத்திருந்த படிவத்தை எடுத்து நீட்டினார். ஓடுவது, கத்துவது, இடம் விட்டு எழுவது என்று எல்லாவற்றுக்கும் நேராக வகுப்பாசிரியர் 'இல்லை' என்று குறித்திருந்தார்.

"ஏனுங்க மேடம், உங்க பேப்பரே சொல்லுதுங்களே, புள்ளைக்கு ஒண்ணுமில்லீன்னு. மக்குங்க, அவ்வளவுதான்."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஆசிரியர்கள் சலித்துக்கொள்கிறார்களே என்று, மனம் அலைவதைப் பற்றிய கேள்விகளை வெட்டிப் படிவத்தைச் சுருக்கியவள் நான்தானே! அதை அங்கேயே நாலாகக் கிழித்தேன்.

கதவோரம் நின்ற அம்மா பேசினார்.

"நான் துணி செக்கிங் பாக்கேன் டீச்சர். ஓட்டையக் கண்டா பக்கத்துல ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவோம். கட்டிங்ல அந்த எடத்த மட்டும் ஒதுக்கிட்டு மிச்சத்த வெட்டுவாவ. ஒரு ஓட்டைக்காவ ரோலையே தூக்கி எறிஞ்சா எங்க முதலாளி சும்மா விடுவாரா?"

ரிசல்ட் விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார் தலைமையாசிரியை. வெள்ளைத் தாள் ஒன்றை வாங்கி, நாலு நாள் பார்த்ததை எழுதினேன். முதல் பெஞ்சில் உட்கார வையுங்கள், ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள் என்று எழுதினேன். விழுந்தால் பொறுப்பு நான் என்று கீழே கையெழுத்தும் போட்டேன். அந்தத் தாள் டிராயருக்குள் போனது. டி.சி. எழுதப்படவில்லை.

வெட்டிய கேள்விகளை மறுபடி சேர்த்துக்கொண்டு, போன பள்ளிகளுக்கெல்லாம் திரும்பப் போனேன். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. பேராசிரியர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. போகட்டும்.

அடுத்த மே மாதம் தலைமையாசிரியை போன் செய்தார். பள்ளியில் ஒரே ஒரு பிள்ளை ஃபெயில், அதுவும் கணக்கில், அது உங்க பிள்ளைதான் என்று பொரிந்து தள்ளினார். இத்தனை வருடக் கனவு போச்சாம். அவர் மூச்சு விடும்வரை காத்திருந்தேன்.

"ஆமாங்க மேடம். நாலு பாடம் பாஸுங்க, ஒரு ஓட்டைதானுங்க. பொறுப்பு நான்தான். மறுபடி எழுதுவா."