மூக்கைப் பார்த்துக் குட்டி கொடுத்த வசந்தா அக்கா

செய்தி வந்தபோது நான் பொம்மைக்குக் கண் வரைந்துகொண்டிருந்தேன். வசந்தா அக்காவின் மகன் போனில், "அம்மா காலையில தவறிட்டாங்க சித்தி. நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி" என்றான். பொம்மைக்கு மாறுகண் விழுந்துவிட்டது. அக்கா இருந்திருந்தால், "மல்லிகா தன் மூஞ்சியப் பாத்தே வரைஞ்சிட்டா" என்று எல்லோருக்கும் காட்டி நாள் முழுக்கச் சிரிக்க வைத்திருப்பார்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அக்காவைப் பற்றி எழுதச் சொன்னது நம் பீங்கான் பொம்மை யூனிட்டில் கூட வேலை செய்யும் நீங்கள்தான். தப்பிருந்தால் உங்களையே திட்டிக்கொள்ளுங்கள்.

சூளையிலிருந்து வருவதைத் தரம் பிரிப்பது அக்கா வேலை, வர்ணம் பூசுவது என் வேலை. ஒரு முறை பூ ஜாடியில் இருந்த மயிரிழைக் கீறலைப் பச்சை இலை வரைந்து மறைத்துவிட்டேன். அக்கா நகத்தால் தடவிக் கண்டுபிடித்துத் தனியே ஒதுக்கினார். "யாருக்குக்கா தெரியப்போகுது?" என்றேன். "வாங்கினவ வூட்டுல தண்ணி ஊத்தினா தெரியும். அப்ப நீ அங்க போயி நிப்பியா?" என்றார்.

வேலை நேரம் போக, வீட்டில் பக் நாய் வளர்த்துக் குட்டி விற்றார். சப்பை மூக்கும் மடிப்பு மடிப்பான மூஞ்சியுமாக இருக்குமே, அதுதான். தாய் நாய்க்கு ஜாங்கிரி என்று பெயர் வைத்தவள் நான்.

என் வீட்டுக்காரர் பல வருஷம் மண் அரைக்கும் மெஷினில் நின்றவர். தூசி நெஞ்சில் இறங்கி, மூச்சிரைப்பு வந்து, வேலையை விட்டார். மகளைச் சேத்தியாத்தோப்பில் கட்டிக்கொடுத்த பிறகு பேச்சும் குறைந்துவிட்டது. நான் வேலைக்குப் போனால் பகல் பூராவும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு குட்டி இருந்தால் மனுஷன் எழுந்து நடப்பாரே என்று அக்கா வீட்டுக்குப் போனேன்.

நாலு குட்டி இருந்தன. பார்த்த உடனே ஒன்றைத் தூக்கிவிட்டேன். தட்டு மாதிரி சப்பை மூஞ்சி, உருண்டைக் கண். அச்சில் போட்டு எடுத்த பொம்மை தோற்றுப்போகும். மடியில் கிடந்து கர்கர் என்றது. "பாருக்கா, எங்க வூட்டுக்காரரு மாதிரியே கொறட்ட வுடுது. நல்ல ஜோடி!" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. "முழிச்சிக்கிட்டிருக்கிறது எங்கடி கொறட்ட வுடும்? மூக்கப் பாரு." மற்ற குட்டிகளுக்கு மூக்குத் துளை மிளகு நுழைகிற அளவு திறந்திருந்தது. இதற்கு நகம் பட்டது போல ஒரு கோடு மட்டும்.

நாலையும் ஓடவிட்டார். "வாய மூடிக்கிட்டு உக்காந்து கேளு" என்றார். என்னிடம் அப்படிச் சொன்னவர்கள் பல பேர். நான் கேட்டுக்கொண்டது அன்று மட்டும்தான். மூன்று குட்டிகள் ஓடி வந்து கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டன. நான் எடுத்தது மட்டும் கழுத்தை நீட்டி, வயிறு ஒட்ட, மூச்சை இழுத்துக்கொண்டே இருந்தது.

"பொம்மைக்கு மூக்கு சரியா வரலன்னா நீ வரைஞ்சி வுட்டுடுவ. இதுக்கு நான் எங்க போயி ஓட்ட போடுறது?"

"எனக்கு இதுதான் வேணும்க்கா. வெயிலு படாம வச்சிக்கிறேன்."

"தர மாட்டேன்."

"பெரிய எடத்து ஆளு எவனாச்சும் கேட்டிருப்பான். அதான்!" என்றேன். சொன்ன வாய் இன்னும் கசக்கிறது.

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. "மல்லிகா, மூச்சுக்குத் தவிக்கிற மனுஷன் கண்ணு முன்னாடி இதக் கொண்டு போயி வுடப்போறியா? இதுக்கு ஒண்ணு ஆச்சின்னா, நாளைக்கு நமக்கும் இப்படித்தான்னு அவரு நெனைக்க மாட்டாரா?"

 எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு இன்னொன்றைக் கையில் கொடுத்தார். மூக்கு கொஞ்சம் நீளம், ஒரு காது கோணல். ஆனால் கண்ணில் பீளை இல்லை. மூஞ்சி மடிப்புக்குள் விரல் விட்டால் ஈரமோ நாற்றமோ இல்லை. என் புடவையைக் கடித்து இழுத்த இழுப்பில் பலம் தெரிந்தது. அதையும் உடனே தரவில்லை. ரெண்டு மாசம் முடியட்டும், ஊசி போட்ட அட்டையோடு வாங்கிக்கொள் என்றார். ஜாங்கிரியையும் என் முன்னால் நடக்கவிட்டார். "பொண்ணு பாக்கப் போனா அம்மாவையும் ஒரு பார்வ பாக்க மாட்டோம்?"

அந்தச் சப்பை மூக்கைப் பலர் ஆசையாகக் கேட்டார்கள். அக்கா கொடுக்கவே இல்லை, தானே வளர்த்தார். ஜாங்கிரியையும் அதற்குப் பிறகு குட்டி போட விடவில்லை. "பொறக்கிறது மூச்சுக்கு அழுவுதுன்னு தெரிஞ்ச பின்னாடி இன்னும் எதுக்குடி?" என்றார். இப்போது இரண்டும் மகனிடம் இருக்கின்றன.

என் வீட்டுக்காரர் தினமும் குட்டியோடு ரயில்வே கேட் வரை போகிறார். பாதியில் மூச்சு வாங்க நிற்பார், அதுவும் நிற்கும். ஒரு நாள் கேட்டார்: "அழகானது இருந்துதாமே, அத ஏன் குடுக்கல?" "உங்க மூஞ்சிக்கு இது போதும்னு சொல்லிட்டாங்க" என்றேன். நிஜத்தை இதுவரை சொல்லவில்லை.

கேட்டதைக் கொடுக்காமல், தாங்கக்கூடியதைப் பார்த்துக் கொடுக்கிற மனசு அக்காவுக்கு இருந்தது. அது எனக்கு முழுசாக வராது. சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போது மட்டும் ஒரு நிமிஷம் பேசாமல் நிற்கிறேன். உள்ளே இரண்டு மூச்சும் கேட்கின்றன. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு நிமிஷம். அதற்குப் பிறகுதான் கத்திக்கொண்டு உள்ளே போகிறேன்.