குரல் இறங்கும் இடம்

பவானிபூரில் ஒரு காப்பீட்டு கால் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தபோது, அந்த நகரத்திலேயே, லேக் கார்டன்ஸில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி ஒருவர் எங்களுக்கு ஆங்கில உச்சரிப்பு சொல்லிக்கொடுத்தார். வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்துவிட்டு அழைப்பவர்களிடம் சொல்ல வேண்டிய ஆறுதல் வரிகளை உரக்க வாசிக்க வேண்டும். எனக்கு எல்லாச் சொல்லும் ஒரே அழுத்தத்தில்தான் வரும்.

“என்னம்மா, ஹௌரா ஸ்டேஷன் அறிவிப்பா இது? ‘ஸாரி’யில அழுத்து, கடைசில குரலை இறக்கு. உங்க ஊர்ல சாவே விழாதா?”

திட்டுவது மட்டும் தமிழில். தமிழ் புரியாத வகுப்பும் சேர்ந்து சிரிக்கும்.

ஒருநாள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே தென்காசியிலிருந்து தம்பி கூப்பிட்டான். “அக்கா, அப்பா போயிட்டாருக்கா.”

அந்த அறையில் நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். அப்பா இறந்துவிட்டார், ஊருக்குப் போக வேண்டும் என்று ஆங்கிலத்திலேயே சொன்னேன்.

அவர் கையை உயர்த்தி வகுப்பை அமைதியாக்கினார். “பாத்தியா, இப்ப எவ்வளவு கரெக்டா இறங்கறது! போறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை சொல்லு, ரெக்கார்டு பண்ணிக்கறேன்.”

சொன்னேன். வேலை போய்விடுமோ என்ற பயம்.

ஊரில் அப்பாவின் தலைமாட்டில் அத்தைகளோடு உட்கார்ந்து அழுதேன். குரல் சரியான இடத்தில் இறங்குகிறதா என்று என் காது கவனித்துக்கொண்டே இருந்தது. சொல்லிக்கொடுத்தவரையாவது ஒருநாள் மன்னித்துவிடுவேன். இந்தக் காதை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது?