ஆடு குடித்த கஞ்சி

தம்ளரின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டேன், நெருநெருவென்றது. மோந்து பார்த்தேன். அரிசிக் கஞ்சிக்கு இல்லாத ஒரு வாடை, பால் பொங்கி அடுப்பில் வழிந்தது போல. அடுப்படியை எட்டிப் பார்த்தால் மதினி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பானை கழுவிக்கொண்டிருந்தாள். அந்த முதுகே எதையோ மறைப்பதாக எனக்குப் பட்டது.

மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. புருஷன் போன பிறகு தங்கச்சிமடத்தில் எங்களோடுதான் இருக்கிறாள். அவர் கடலுக்குப் போய்விடுவார், நான் முன்னறையில் தையல் மிஷினில் உட்கார்ந்துவிடுவேன், சமையல் மதினி பொறுப்பு. என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு சந்தேகப் பிராணி. சொந்தக்காரர் விற்றாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்க மாட்டேன். பூட்டிய பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மூன்றாவது தரமும் இழுப்பேன்.

அதற்கு முந்தின வருஷம் சித்திரையில்தான் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் என் இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்திருந்தார்கள். நூற்றுப் பதினெட்டு கிலோ இருந்தேன். முழங்கால் மடங்காது, சர்க்கரை வேறு. ஆபரேஷன் வேண்டாம் என்று வீட்டில் சொன்னது மதினி ஒருத்திதான்.

"சாமி குடுத்த வயித்த அறுத்துப் போடவா போற?" என்றாள்.

அன்றைக்கே அவளை மனதுக்குள் குறித்து வைத்துக்கொண்டேன். நான் இளைப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை என்று முடிவு கட்டினேன். அவளே ஈர்க்குச்சி மாதிரி இருப்பவள், அவளுக்கு ஏன் பொறுக்காமல் போக வேண்டும் என்று யோசிக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். "வயிறு சின்னதாயிடுச்சும்மா. சாப்பிடுறதே கொஞ்சம், அதுலயும் சத்து முழுசா ஒட்டாது. ஆயுசுக்கும் மாத்திரை போடணும். ஊசி தவறக் கூடாது. இந்தப் புரோட்டீன் பவுடரைத் தினமும் குடிங்க." ஆயுசுக்கும் என்ற வார்த்தையைக் கேட்டதுமே எனக்குப் பொறி தட்டியது. வயிற்றையும் வெட்டிவிட்டு ஆயுசு முழுக்க மருந்தும் விற்கப் பார்க்கிறார்கள், நல்ல யாவாரம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் ஆறு மாதம் ஒழுங்காக இருந்தேன். எடை மளமளவென்று இறங்கியது. கண்ணாடியில் என் கழுத்தெலும்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று ஊசிக்குப் போவதை நிறுத்தினேன். மாத்திரை அட்டைகளை மிஷின் டிராயரில் தள்ளினேன். பவுடர் நாற்றம் குடலைப் புரட்டியது, அந்த டப்பாவைப் பரணில் ஏற்றினேன்.

அதன் பிறகு முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பில் கற்றை கற்றையாக வந்தது. கிறிஸ்துமஸுக்கு மதினி வைத்த பாயசத்தில் அரைத் தம்ளர் குடித்தேன், கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடத்து, வேர்த்து ஊற்றி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. இனிப்பு தின்றால் இப்படி வரும் என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். எனக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை. பாயசம் வைத்தது யார் என்பது மட்டும் ஞாபகத்தில் நின்றது.

இதற்கு நடுவில் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் நாற்பது நாளும் ஒருசந்தி இருப்பதாக நேர்ந்திருந்தேன். ஒருசந்தி என்றால் பகலில் ஒரே ஒரு நேரம் சாப்பாடு. அதோடு மீன், முட்டை, கறி எதுவும் தொடுவதில்லை என்றும் சேர்த்து நேர்ந்துகொண்டேன். மற்றவர்களுக்கு ஒரு நேரம் என்றால் வயிறு முட்டச் சோறு. எனக்கு ஒரு நேரம் என்றால் ஒரு தம்ளர் கஞ்சி, அதற்கு மேல் இறங்காது. பங்குச் சாமியார் எங்கள் வீட்டை ஜெபித்து மந்திரிக்க வந்தபோது, "நோயாளிகளுக்கு விலக்கு உண்டும்மா, நீ ஒருசந்தி இருக்க வேண்டாம்" என்றார். இந்தக் காலத்துச் சாமியார்கள் எல்லாவற்றுக்கும் விலக்குக் கொடுக்கிறார்கள் என்று அவரையும் நம்பவில்லை. தபசின் முதல் நாளான விபூதிப் புதனன்று தொடங்கிவிட்டேன்.

இரண்டாவது வாரம் மிஷின் மக்கர் பண்ணியது. மிதித்தால் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி நூலை அறுத்தது. ராமேஸ்வரத்திலிருந்து மெக்கானிக்கை வரச் சொன்னேன். அவர் எண்ணெய் விட்டு, பெல்ட்டை மாட்டி, தானே உட்கார்ந்து ஒரு முழத் துணியைச் சரசரவென்று அடித்துக் காட்டினார்.

"மிஷின்ல ஒண்ணுமில்லக்கா. நீங்க மிதிக்கிறதுதான் தாறுமாறா இருக்கு."

தொழில் தெரியாதவன் என்று அவரை அனுப்பிவைத்தேன். பாதத்தில் எறும்பு ஊர்வது போல ஒரு மதமதப்பு இருந்தது நிஜம். உட்கார்ந்தே இருப்பதால் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் தம்ளரில் வெள்ளையைப் பார்த்தேன். அன்று அடியில் மிஞ்சிய கஞ்சியையும் குடித்ததாகப் பாவனை செய்துவிட்டு, மிஷின் டிராயரைத் திறந்தேன். மாத்திரை அட்டைகள் பாதி காலி! நான் தின்னாத மாத்திரை எப்படிக் குறையும்? திருடுகிறாள், எனக்குச் சத்து சேரக் கூடாதென்று மாத்திரையை எடுத்துப் போட்டுவிட்டு, கஞ்சியில் எதையோ கலந்து கொடுக்கிறாள். முடி, பாயசம், கால் மதமதப்பு எல்லாம் வரிசையாக வந்து பொருந்தின. அந்த மாத்திரையை நானே தொடுவதில்லை என்பது மட்டும் பொருந்தவில்லை. அதை நான் கண்டுகொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து கஞ்சியைக் கொல்லைக்கு எடுத்துப் போய்ப் பக்கத்து வீட்டு வெள்ளாட்டுக்கு ஊற்றினேன். சோதனைக்கு என்றே வைத்துக்கொள்ளலாம். ஆடு சாகும் என்று மூன்று நாள் காத்திருந்தேன். சாகவில்லை. வேலியோரம் நான் வரும் நேரத்துக்குக் காத்து நின்று கத்தியது, தோல் மினுமினுத்தது. விஷம் இல்லையென்றால் செய்வினை, அதை என் பேருக்குத்தானே வைத்திருப்பாள், ஆட்டுக்கு எப்படிப் பிடிக்கும் என்று அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். என் பசிக்குக் கடையில் பிரிக்காத ரஸ்க் பாக்கெட் வாங்கி, நானே போட்ட கடுங்காப்பியில் நனைத்துத் தின்றேன். மதினி காலித் தம்ளரை வாங்கிப் பார்ப்பாள். அவள் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்படியே மூன்று வாரம் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதை முடிந்து வெயிலில் வீட்டுக்கு நடந்து வந்தேன். படியேறியதும் மதினி கத்தினாள்.

"ஏத்தா! செருப்பு எங்க? கால்ல என்ன ரத்தம்?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றதென்று தெரியவில்லை. குதிகாலில் ஒரு சிப்பி ஓடு குத்திக்கொண்டு நின்றது, வாசலிலிருந்து சிமெண்டுத் தரை முழுக்க ரத்தத் தடம். எனக்கு வலிக்கவே இல்லை. வலிக்கவில்லை என்பதுதான் பயமாக இருந்தது. கால் போய்விட்டது, இனி மிஷின் மிதிக்க முடியாது, நடக்கவும் முடியாது என்று நினைத்தேன். அந்தப் பயத்தில், அன்று கடலுக்குப் போகாமல் வீட்டிலிருந்த வீட்டுக்காரர் முன்னாலேயே வாய் விட்டேன்.

"என் கஞ்சியில என்னத்தக் கலக்குற? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? சொல்லு!"

மதினி வெலவெலத்துப் போனாள். அடுப்படிக்குப் போய், அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு டப்பாவை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். நான் பரணில் ஏற்றிய அதே பவுடர் டப்பா. முக்கால்வாசி தீர்ந்திருந்தது.

"மீனும் வேணாம், முட்டையும் வேணாம்னு ஒத்த தம்ளர் கஞ்சியில கெடந்த. கேட்டாக் குடிக்க மாட்டேன்னுதான் சொல்லாமப் போட்டேன். டிராயர்ல கெடந்த மாத்திரையவும் சீட்டப் பாத்து நுணுக்கிப் போட்டேன்." பிறகு தம்பியைப் பார்த்து அழுதாள். "ஏலே, தெனமும் குடிச்சாளேடா. காலித் தம்ளரப் பாத்தேனே. நான் ஏதும் கூடப் போட்டுட்டனோ? அதுல கால் போயிருச்சோ?"

ஆட்டுக்கு ஊற்றியதை நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

மதுரை போகும் வழியெல்லாம் அவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா பாதத்தில் ஊசியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், டிரிப் ஏற்றினார்கள். நரம்புக்கு வேண்டிய சத்து அடிமட்டத்துக்குப் போய்விட்டது என்றார்கள். "என்ன சாப்பிட்டாங்க?" என்று டாக்டரம்மா கேட்டதும் மதினி டப்பாவை நீட்டி, ரெண்டு கரண்டி, இன்னின்ன மாத்திரை என்று ஒப்பித்தாள்.

டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். "இதெல்லாம் உள்ள போயிருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காதே. நீங்க சரியாத்தான் குடுத்தீங்களா?"

மதினி தலையைக் குனிந்துகொண்டாள். ஒருவர் தன்னைச் சந்தேகிக்கும்போது முகம் எப்படிச் சுருங்கும் என்பதை நான் அன்றுதான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

"அவங்க சரியாத்தான் குடுத்தாங்க. நான் குடிக்கல, டாக்டர். ஆட்டுக்கு ஊத்திட்டேன்" என்றேன்.

ஒரு வாரம் கழித்து பஸ்ஸில் ஊர் திரும்பினோம். பாம்பன் பாலத்தில் பாதி போனதும் மதினி கடலைப் பார்த்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஆடு நல்லாருக்குல்ல?"

நான் அழுதேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது மாத்திரை தவறுவதில்லை, ஊசியும் தவறுவதில்லை. வலது கால் மீண்டுவிட்டது. இடது பாதத்தில் பாதிதான் உணர்வு வந்திருக்கிறது. மோட்டார் வைத்த மிஷின் வாங்கி வலது காலால் அழுத்துகிறேன். செருப்பு கழன்றுவிட்டதா என்று நடக்கும்போது குனிந்து குனிந்து பார்க்கிறேன். பவுடரை இன்றும் மதினிதான் கலக்குகிறாள், ஆனால் அடுப்படியில் இல்லை. டப்பாவையும் தம்ளரையும் முன்னறைக்கு எடுத்துவந்து, என் கண் முன்னால் கரண்டி போட்டு, கலக்கி, ஒரு மடக்கு தான் குடித்துவிட்டுத் தம்ளரை நீட்டுகிறாள். வேண்டாம் மதினி, நீங்கள் குடித்துக் காட்ட வேண்டாம் என்று ஒரு நாள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருக்கிறேன். ஆனால் அவள் அந்த மடக்கை விழுங்கி முடிக்கும் வரை என் கை இன்னும் நீளுவதில்லை. அது அவளுக்கும் தெரியும்.