எழுபத்திரண்டாயிரம்

“மொத்தமா பாத்தா நல்லாத்தான் இருக்கு. ஆனா ரேங்க்னு வந்தா உனக்கு கவர்மென்ட் காலேஜ்ல சீட்டு கிடைக்குமா? சந்தேகம்தான்மா.”

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பி.யு. கல்லூரியில் எங்கள் கணக்கு ஆசிரியை என் மதிப்பெண் பட்டியலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அறுநூற்றுக்கு ஐந்நூற்று நாற்பது வாங்கியிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அவருக்குப் பொறாமை என்றுகூட நினைத்தேன்.

அவர் சொன்னது வெறும் கணக்கு. பொறியியல் தரவரிசைக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலிருந்து பாதி, சி.இ.டி. நுழைவுத் தேர்விலிருந்து பாதி. அவ்வளவுதான். என் மொத்தத்தைத் தூக்கி நிறுத்தியது மொழிப்பாடங்கள். வீட்டில் தமிழ் பேசுகிற நான் கன்னடத்தில் வாங்கிய தொண்ணூற்றெட்டை யாரும் கேட்கவே இல்லை. சி.இ.டி.யிலும் சறுக்கியிருந்தேன்.

தரவரிசை வந்த மத்தியானம் அப்பா தான் வேலை பார்க்கும் அடுகோடி லேத் பட்டறையிலிருந்து போன் செய்தார்.

“எவ்ளோ பாப்பா?”

“எழுபத்திரண்டாயிரம்பா.”

“எழுபத்திரண்டாயிரமா!” பக்கத்தில் இருந்தவர்களிடம் அவர் கத்திச் சொன்னது எனக்கும் கேட்டது. மதிப்பெண் போலவே இதுவும் கூடக்கூட நல்லது என்று நினைத்துவிட்டார். அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை. “ஆமாப்பா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

சாயங்காலம் வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தார்.

“எல்லாருக்கும் மைசூர்பாக் வாங்கிக் குடுத்தேன். மில்லிங் மெஷின் ஓட்டறவன் பாதி தின்னுட்டுச் சொல்றான், ‘அண்ணா, நம்பர் பெருசா இருந்தா அவ்ளோ பின்னாடி நிக்கிறோம்னு அர்த்தம். சும்னே, வீணா ஸ்வீட் வாங்கிட்டியே’ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சேன்.”

தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

“உனக்குத் தெரியும்தானே?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

ஒரு தாளை எடுத்து, எதைச் சேர்ப்பார்கள், எதை விடுவார்கள் என்று எழுதிக் காட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாதவர் தாளைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கன்னடத்துல அவ்ளோ வாங்கினியே, அதச் சேக்கலையா?”

“சேக்க மாட்டாங்கப்பா.”

“ஏன்? நீதானே எழுதின?”

அதுவரை அழாதவள் இதைக் கேட்டதும் அழுதேன்.

சீட் ஒதுக்கீட்டின் எல்லாச் சுற்றுகளும் முடிந்தன. அரசுக் கல்லூரிகளில் நான் கேட்ட பிரிவுகள் எல்லாம் என் எண்ணுக்கு வெகு முன்பே நிரம்பிவிட்டன. தனியார் கல்லூரிக்குக் கட்டப் பணம் இல்லை. மறுநாள் காலை அப்பாவிடம், “இன்ஜினியரிங் இல்லப்பா, இது வேற படிப்பு, மூணு வருஷம்” என்று முதலிலேயே சொன்னேன். பிறகு அரசு மகளிர் கல்லூரிக்குப் போய் பி.எஸ்ஸி. கணிதத்தில் சேர்ந்தேன். வகுப்பு தொடங்கி நான்கு நாள் ஆகிறது.