திருந்தியவன் சாக வேண்டுமாம்

திருந்தியவனைச் சினிமாவில் உயிரோடு விட மாட்டார்கள். கொலை, ரத்தம், இருட்டு என்று ஓடுகிற படங்கள் எனக்குப் பிடிக்கும். கடையில் கூட்டம் கம்மியான மத்தியான வேளையில் போனில் வரிசையாகப் பார்ப்பேன். அதனால்தான் சொல்கிறேன். படம் முழுக்க வெட்டிக்கொண்டு திரிந்தவன், கத்தியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெண்டாட்டிக்கு ஒரு முழம் பூ வாங்கிவிட்டான் என்றால் அவன் கதை முடிந்தது. ஏதோ ஒரு குழந்தையைக் காப்பாற்றி, நெஞ்சில் குண்டு வாங்கி, மழையில் விழுவான். வயலின் அழும். ஜனம் கைதட்டும். செத்ததால் அவன் பாவம் கழிந்ததாம். என்ன நியாயம் இது?

எனக்குக் கோபம் வரக் காரணம் இருக்கிறது. என் வீட்டுக்காரரும் திருந்தியவர்தான். வாலிபத்தில் ஒரு கும்பலோடு சுற்றினார். அவர்கள் ஒருவரை வெட்டிவிட்டு ஏறித் தப்பிய ஆட்டோவை ஓட்டியவர் இவர். உள்ளே போனபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. விட்டபோது பாதித் தலை நரைத்திருந்தது. இப்போது அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி டிபன் கடை வைத்திருக்கிறோம். மாவு அரைப்பது, தண்ணீர் பிடிப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அவர். பேச்சு மட்டும் கிடையாது.

வெளியே வந்ததும் அவர் முதலில் போனது செத்தவரின் மனைவியைப் பார்க்க. நானும் கூடப் போனேன். காலில் விழப் போனவரை அந்தம்மா கிட்டவே சேர்க்கவில்லை. "நான் மன்னிக்கல, மன்னிக்கவும் மாட்டேன். நீ செத்தா மட்டும் அவரு வந்துடப் போறாரா? என் வாசல்ல விழாத, போ" என்று கதவைச் சாத்தினார். அதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அந்தக் கதவை மறுபடி தட்ட எங்களுக்கு உரிமையும் இல்லை.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் மலையைச் சுற்ற ஆரம்பித்தார். கர்மம் கரையும் என்று கடைக்கு வருகிற சாமியார்கள் சொன்னார்கள். கரைந்த அடையாளம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. என்னோடு உட்கார்ந்து படம் பார்க்கும்போது, கடைசியில் அந்த ரவுடி செத்து விழுகிற இடத்தில் மட்டும் அவர் முகம் தெளியும். ஒரு தடவை வாய்விட்டே சொன்னார்: "குடுத்து வச்சவன். ஒரே அடியா தீந்துடுச்சு."

இந்த ஆள் ஒரு நாள் சுற்றப் போய்த் திரும்பி வராமலே இருந்துவிடுவார் என்று பயந்தேன். அன்றிலிருந்து அவர் கிளம்பினால் நானும் கூடவே கிளம்பிவிடுவேன்.

போன கோடையில் ஒரு சினிமா யூனிட் வந்தது. ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கி, எங்கள் கடைக்கு எதிரே ஷூட்டிங் நடத்தினார்கள். கதை என்ன என்று டைரக்டரைக் கேட்டேன். இரண்டு ரவுடிகள் திருந்தி மலையைச் சுற்ற வருகிறார்கள், பழைய எதிரிகள் வெட்டிப் போடுகிறார்கள் என்றார்.

"உசுரோட விட்டா இன்னாங்க?"

"அப்புறம் ஜனங்க எப்படிம்மா அவங்கள மன்னிப்பாங்க?" என்று சிரித்தார்.

முதலில் சாகிற ரவுடியாக நடிக்க வேண்டியவர் அன்று வரவில்லை. டைரக்டரின் கண் என் வீட்டுக்காரர் மேல் விழுந்தது. முகம் பொருத்தமாம். நான் வேண்டாம் என்பதற்குள் அவர் தலையாட்டிவிட்டார். எதற்கும் அவ்வளவு வேகமாக அவர் சம்மதித்து நான் பார்த்ததில்லை.

சட்டையில் சிவப்புச் சாயம் ஊற்றித் தார் ரோட்டில் படுக்க வைத்தார்கள். ஒரே டேக்கில் ஓகே.

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. செத்தவராக நடித்தவரை அப்படியே எழுந்து போக விட மாட்டார்கள். கண்ணைத் திறந்து காமிராவைப் பார்த்துச் சிரிக்க வைத்து, அதையும் எடுத்துவிட்டு, பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். சாவு கடைசிக் காட்சியாக நிற்கக் கூடாது என்பதற்காக.

"அண்ணே, கண்ணத் திறந்து சிரிங்க" என்றார் டைரக்டர்.

இவர் திறக்கவில்லை. மூச்சு ஏறி இறங்கியது. கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. "முடிஞ்சுடுச்சுண்ணே, எழுந்திருங்க" என்றார்கள். ம்ஹூம். பூசணிக்காயை ஏந்தி நின்றவர் கீழே இறக்கி வைத்துவிட்டார்.

தோசைக் கரண்டியோடு ரோட்டுக்குப் போனேன். காமிரா ஓடிக்கொண்டிருந்தது. ஓடட்டும்.

"யோவ், படுத்துக்கினா சுகமா கீதா? அந்தம்மாவே உன் சாவக் கேக்கல, இவங்க யாரு கேக்கறதுக்கு? நீ பண்ணது உனக்குத் தெரியும். அதச் சுமந்துக்கினு தினம் எழுந்திருக்கணும். ஒரு தடவ ஆட்டோ ஓட்டினு ஓடனது பத்தாதா? மறுபடியும் ஓடப் போறியா?"

கண்ணைத் திறந்தார். காமிராவை அல்ல, என்னைப் பார்த்தார். "ஜாஸ்தியா கீதுடி. தாங்க முடியல" என்றார். வெளியே வந்த பிறகு தன் வலியைப் பற்றி அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

"தாங்கலன்னா சொல்லு. நான் எதுக்குக் கீறேன்?"

என் கையைப் பிடித்து எழுந்தார். சிரிக்கவில்லை. எழுந்து நின்றதே போதும், அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று டைரக்டரிடம் சொன்னேன். பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார்கள்.

படம் வந்தபோது டவுன் தியேட்டரில் மேட்னி பார்க்கப் போனோம். எழுந்து நின்றதை அவர்கள் சேர்க்கவில்லை. அவர் வெட்டுப்பட்டு விழுந்ததும் பின்வரிசையில் கைதட்டினார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து திரும்பி நின்று கத்தினேன்.

"சாவலங்க! ஆளு இதோ உக்காந்துனு கீறாரு, பாத்துக்கோங்க!"

தியேட்டரே திரும்பிப் பார்த்தது. அவர் வெட்கத்தில் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

"உக்காருடி, போதும். நாளைக்குப் பௌர்ணமி, கூட்டம் வரும். போய் அரிசி ஊறப் போடணும்."