தலைவலிக்குத் தைலம்

என் தங்கைக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவள் வாய் மூடி நாங்கள் பார்த்ததில்லை. காய்ச்சலில் கிடந்தாலும் அனத்தலாவது ஒலிபரப்பாகிக்கொண்டிருக்கும். “இதைக் கட்டிக்கப் போறவனுக்குக் காது கொஞ்சம் மந்தமா இருந்தா நல்லது” என்பார் அப்பா. வாய்த்த மாப்பிள்ளை மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் காது நன்றாகவே கேட்டது. எவ்வளவு நன்றாக என்றால், கர்த்தர் தன்னை வெளிநாட்டு ஊழியத்துக்குக் கூப்பிடுவதாக ஒரு நாள் வந்து சொன்னார். கடையைத் தம்பி கையில் ஒப்படைத்துவிட்டுப் பெண்டாட்டி பிள்ளையோடு கிளம்பிவிட்டார். எங்கள் சபைதான் ஜெபம் பண்ணி வழியனுப்பி வைத்தது.

போன இடத்தில் பாஷை வேறு. ரேடியோ கொஞ்ச நாள் மொழி வகுப்புக்குப் போய்ப் பார்த்தாள். அங்கே வாத்தியார் பேசுவார், இவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்க வேண்டும். நடக்கிற காரியமா அது? நிறுத்திவிட்டாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் சேர்த்த மகள் ஒரே வருடத்தில் அங்கேயே பிறந்தவள் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டாள். பன்னிரண்டு வயதாகியும் அவளை எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். மருந்துக்கடைக்குப் போனால் பாப்பா, வீட்டுச் சொந்தக்காரரிடம் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லப் பாப்பா, பக்கத்து வீட்டுச் சண்டைக்கும் பாப்பா.

பள்ளி விடுமுறை வந்தால் அங்கே ஊழிய மாதம். ஊரிலிருந்து சபைக் குழு ஒன்று உதவிக்குப் போகும். சென்ற வருடக் குழுவில் நானும் போனேன். உதவிக்கு என்பது பேச்சுக்கு. எங்களுக்குச் சமைத்துப் போட்டே தங்கைக்கு இடுப்பு ஒடிந்திருக்கும். இரண்டு அறை வீடு. கூடத்தில் ஆண்கள், உள்ளறையில் பெண்கள், குளியலறை வாசலில் ரயில் டிக்கெட் எடுக்கிற வரிசை. காலையில் பிள்ளைகளுக்குப் பாட்டும் விளையாட்டும், மத்தியானம் தெருவில் சுவிசேஷக் கைப்பிரதி கொடுப்பது, சாயங்காலம் கூட்டம். இதற்கு நடுவில் வீடு சந்திப்பு. அதுதான் ரேடியோவின் தனி ராஜ்ஜியம்.

வீடு சந்திப்பில் அவளைப் பார்க்க வேண்டும். போன உடனே அந்த வீட்டுப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்வாள். அவர்கள் பேசுவார்கள், பாப்பா தமிழில் சொல்வாள், இவள் பொலபொலவென்று அழுவாள். பிறகு அரை மணி நேரம் ஆறுதல் சொல்வாள்; பாப்பா அதைத் திருப்பிச் சொல்வாள். அந்தப் பெண்களும் அழுவார்கள். எங்கள் குழுவில் எல்லோருக்கும் ஒரே பெருமை. கேட்கிற வரம் அவளுக்கு இருக்கிறது என்றார் குழுத் தலைவர். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அந்தப் பெண்கள் சொன்னதெல்லாம் சின்னச் சமாச்சாரமில்லை. குடித்துவிட்டு வருகிற புருஷன், கலைந்துபோன கரு, சொந்த மாமனிடமே பயந்து கதவைத் தாழ் போட்டுக்கொள்கிற வீடு. அத்தனையும் அந்தப் பிள்ளையின் வாய் வழியாகத்தான் எங்களுக்கு வந்தது. ஜடையைப் பிடித்துத் திருகிக்கொண்டே பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்வாள். வயசுக்கு மீறின ஞானம் என்று நாங்கள் முதுகில் தட்டிக் கொடுத்தோம். வெட்கங்கெட்ட கூட்டம், வேறென்ன சொல்ல.

இது தப்பென்று சொன்னவர் ஒருவர் இல்லாமலில்லை. உள்ளூர்ப் போதகரின் மனைவிக்கு ஆங்கிலம் தெரியும். ஒரு நாள் அவர் ரேடியோவைத் தனியாகக் கூப்பிட்டு, பெரியவர்கள் பேச்சுக்குப் பிள்ளை எதற்கு, முன்கூட்டியே சொன்னால் நான் கூட வருகிறேனே என்றாராம். வீட்டுக்கு வந்து இவள் பொரிந்து தள்ளினாள்.

“அவங்களுக்கு வேலை முடிஞ்சு வர நேரமாகும். ஒவ்வொரு தடவையும் போய்க் கெஞ்சணும். கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு எவளாவது நெய்க்கு அலைவாளா?”

வெண்ணெய் அப்போது எங்கள் பன்னிரண்டு பேருக்கும் தட்டு கழுவிக்கொண்டிருந்தது.

அவர்கள் குடியிருக்கிற கட்டடத்தின் கீழே ஒரு சலவைக்கடை. தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். உள்ளே இயந்திரங்கள் உறுமும், வாசல் பக்கம் நீள மேசையில் ஒரு பெண் நின்று விரிப்பை மடிப்பாள். பாப்பா அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர் வைத்திருந்தாள். ஒரு நாள் ரேடியோ அங்கேயும் நுழைந்தாள். வழக்கம்போலக் கையைப் பிடித்தாள். மடிப்பக்கா கையை விடுவித்துக்கொண்டு இன்னொரு விரிப்பை மடித்தாள். பிறகு பேசினாள். மேசையைப் பார்த்துக்கொண்டு, சத்தமே உயராமல், நிறுத்தாமல் பேசினாள். இயந்திரம் ஒரு சுற்று முடிந்து நின்றது, அவள் நிற்கவில்லை.

பாப்பா அம்மாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

“தலைவலியாம்” என்றாள்.

“அவ்வளவு நேரம் பேசினதுக்கு இவ்வளவுதானா?” என்றேன் நான்.

“அவங்க பாஷையே அப்படித்தான்க்கா, இழுத்துக்கிட்டே போகும்” என்று ரேடியோ என்னை அடக்கிவிட்டாள். ஊரிலிருந்து நாங்கள் கொண்டுபோன பெட்டியில் தைல டப்பாக்கள் இருந்தன. ஓடிப்போய் ஒன்றை எடுத்து வந்து, நெற்றியில் தானே தேய்த்துவிட்டு, தலையில் கை வைத்து ஜெபித்தாள். மடிப்பக்கா அந்த டப்பாவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்களைப் பார்த்துத் தலையாட்டினாள். அந்த முகத்தில் இருந்தது நன்றி என்று நாங்கள் முடிவு கட்டிக்கொண்டோம்.

அதற்கப்புறம் பாப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் கோலம் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். கூப்பிட்டால் இருக்க மாட்டாள். எங்கே போனாய் என்றால், சும்மா என்பாள். ஒரு நாள் துணி காயப் போடும்போது என்னிடம் கேட்டாள்.

“பெரியம்மா, பெரியப்பா உங்களை அடிப்பாரா?”

“அவரா? எங்கிட்ட அடி வாங்காம இருந்தா போதாதா” என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த கேள்வி கேட்கலாமா என்று யோசித்தவள் மாதிரி நின்றுவிட்டு, கிளிப்பை என் கையில் கொடுத்துப் போய்விட்டாள். நான் மிச்சத் துணியை உலர்த்தினேன்.

ரேடியோவுக்கு இதெல்லாம் கவனிக்க நேரமில்லை. நிறைவுக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. ஊரில் நம் சபை முழுக்க உட்கார்ந்து திரையில் பார்க்கப் போகிறது. அவளுக்குக் கொடுத்திருந்த தலைப்பு ‘கேட்கும் காது’. பேச்சு முடிந்ததும் மடிப்பக்கா மேடையேறி, தீராத தலைவலி தீர்ந்தது என்று சாட்சி சொல்ல வேண்டும். பாப்பா மொழிபெயர்க்க வேண்டும். தலைவலி தீர்ந்ததா என்று யாரும் கேட்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் ரேடியோ நெற்றியைத் தொட்டுக் காட்டுவாள், மடிப்பக்கா தலையாட்டுவாள். அது போதுமென்று ஊருக்கும் எழுதிப் போட்டாயிற்று, ஊரில் ஸ்தோத்திரமும் பண்ணியாயிற்று.

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்துவிட்டது. பாப்பாவைக் காணோம். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவளாட்டம் ரேடியோ தெருவுக்கு ஓடினாள், பின்னாலேயே நானும். சலவைக்கடைக்கு எதிரில், நிறுத்தியிருந்த வண்டிக்குப் பின்னால் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைக் கவுன், தலையில் ரிப்பன், கண் மட்டும் கடை வாசலில்.

“இங்க என்னடி பண்ற? அங்க மானம் போகுது.”

“வரேம்மா. மடிப்பக்கா இன்னும் வெளிய வரல. வந்ததும் வரேன்.”

பளாரென்று ஒரு அறை. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாப்பா அழவில்லை, கன்னத்தைக்கூடத் தொடவில்லை. கடை வாசலைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

“அவங்களுக்குத் தலைவலி இல்லம்மா.”

“பின்ன?”

“அவங்க குழந்தை செத்துப் போச்சாம். இனிமே உயிரோட இருக்கப் பிடிக்கலையாம். அன்னிக்கு அதத்தான் சொன்னாங்க.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “அதான் தினம் வந்து பாக்கறேன். விரிப்பு மடிக்க வந்துட்டாங்கன்னா, இருக்காங்க. இன்னிக்கு இன்னும் வரல.”

ரேடியோவின் கை அறைந்த இடத்திலேயே நின்றிருந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

“இத ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ மேடையில சொல்லிடுவ.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி என்பார்களே, அதை நான் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். குழந்தை கோபத்தில் சொல்லவில்லை. மழை வந்தால் நனையும் என்கிற மாதிரி சொன்னாள். ரேடியோ ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. பிறந்ததிலிருந்து முதல் முறை.

ஓடிப்போய்க் கடைக்குள் நுழைந்தோம். மடிப்பக்கா இருந்தாள். இயந்திரத்துக்குப் பின்னால், அழுக்கு மூட்டைகளின் மேல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து நெற்றியைத் தொட்டுக் காட்டி, வலி இல்லை என்று தலையாட்டினாள். சாட்சிக்குக் கூப்பிட வந்திருக்கிறோம் என்று நினைத்தாள் போலிருக்கிறது. அவளுடைய மேலங்கிப் பையில் தைல டப்பா பிதுங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தைலத்தின் வாசனை அந்தச் சலவை வாசனையையும் மீறி வந்தது. 

“பாப்பா, அவங்ககிட்ட சொல்லு, அம்மாவுக்கு...” என்று ரேடியோ ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் பாப்பாவைப் பார்த்தாள். கன்னத்தில் நான்கு விரல் சிவந்திருந்தது. பாப்பா பழக்கப்படி ஓரடி முன்னால் வந்து ஜடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், எதையாவது சொல், நான் எடுத்துப் போகிறேன் என்று.

“வேண்டாம். நீ பெரியம்மாகூட வெளிய போய் நில்லு.”

பிறகு போதகரின் மனைவியைப் போனில் கூப்பிட்டாள். அவளுடைய தட்டுத் தடுமாறின ஆங்கிலத்தில், அன்றைக்குச் சொன்னீர்கள், நான் கேட்கவில்லை, இப்போது வாருங்கள் என்றாள். அந்த அம்மா வந்தார். அன்றே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மடிப்பக்காவின் தோளில் கை போட்டு, உள்ளே துணி வைக்கிற அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முதலாளி, மேசையில் குவிந்து கிடந்த விரிப்புகளைப் பார்த்து முணுமுணுத்தார். ரேடியோ பட்டுச் சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு மேசைக்குப் போனாள். ஒற்றை ஆளாய் மடிக்கத் தெரியவில்லை. விரிப்பு தரையில் புரண்டது.

மாப்பிள்ளை வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார்.

“என்ன பண்ற இங்க? எல்லாரும் திரையையே பாத்துக்கிட்டு இருக்காங்க. சாட்சி எங்க?”

“சாட்சி இல்லங்க. நாம எழுதினது பொய். அத மட்டும் சொல்லிடுங்க, வேற எதுவும் சொல்லாதீங்க.”

“அத்தனை பேர் முன்னாடி எப்படிச் சொல்றது?”

“தெரியல” என்றாள். “மொதல்ல இந்த நுனியைப் பிடிங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு நுனியைப் பிடித்தார். நாலைந்து விரிப்பு மடித்தபின் மண்டபத்துக்குப் போய், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்தார். ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை நான் திரும்பி வந்தபின் வேண்டியமட்டும் கேட்டாயிற்று.

கதவு திறந்தது. போதகரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, மடிப்பக்கா சொன்னதைச் சொல்ல ஆரம்பித்தார். ரேடியோ கையெடுத்துத் தடுத்தாள். எனக்குத் தெரிய வேண்டாம், அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள் என்றாள். அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போவதென்றும், வெளியூரிலிருந்து தன் தங்கை வந்து சேரும்வரை மடிப்பக்கா போதகர் வீட்டில் இருப்பதென்றும் முடிவாயிற்று. வாசலைத் தாண்டும்போது மடிப்பக்கா நின்று பாப்பாவைப் பார்த்து ஏதோ சொன்னாள். பாப்பா பதில் சொன்னாள். என்னவென்று யாரும் கேட்கவில்லை.

மடிப்பக்கா இப்போது தன் தங்கையின் ஊரில் இருக்கிறாள். மருந்து சாப்பிடுகிறாள், வேலைக்கும் போகிறாளாம். ரேடியோ மறுபடி மொழி வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். வகுப்பிலேயே மட்டமான மாணவி அவள்தானாம், போனில் அவளே சொன்னாள். இதெல்லாம் நல்ல செய்திதான். ஆனால் நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் நடந்த ஒன்று இருக்கிறது.

பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். பாப்பா ஜன்னலருகே நின்று கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சலவைக்கடை மேசையில் இப்போது வேறு யாரோ மடித்துக்கொண்டிருந்தார்கள். ரேடியோ வந்து அவள் பின்னால் நின்றாள். எவ்வளவோ ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவள் மாதிரி, மெதுவாகக் கேட்டாள்.

“பாப்பா, மனசுல என்னடா இருக்கு? அம்மாகிட்ட சொல்லு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

பாப்பா அம்மாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்லம்மா. தலைவலி.”

மேசை மேல் தைல டப்பா இருந்தது. ரேடியோ அதை எடுக்கவில்லை. மகள் காலடியில் தரையில் உட்கார்ந்தாள், வாயைத் திறக்காமல். நான் பெட்டியை மூடிவிட்டுப் புறப்படுகிற வரைக்கும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள். அதுவரைக்கும் பாப்பா ஒன்றும் சொல்லவில்லை.